எனது பெறுபேறு யாருக்குச் சொந்தம்?

சாதாரண தரப் பெறுபேறு வெளியான இரவு, எங்கள் வீட்டில் என்னுடைய பெறுபேற்றைக் கடைசியாக அறிந்தவள் நான்தான். வாப்பாவின் போனில் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் சாய்ந்தமருதிலிருந்து சாச்சி அழைத்துவிட்டார். "மகளுக்கு கணக்குல பி தானாமே? பரவாயில்ல, மத்ததெல்லாம் ஏ தானே" என்று உம்மாவிடம் சொன்னார். சாச்சிக்கு எப்படித் தெரியும்? அவருடைய மகன் படிக்கும் தனியார் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் எங்கள் வகுப்பு முழுவதன் பெறுபேறுகளும் ஒரே படமாக வந்திருந்தன. யாரோ ஒருவர் எங்கள் சுட்டெண்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் போட்டுப் பார்த்து, தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

அன்றிரவு எனக்கு வந்த கோபம் அடுத்த வாரம் வெட்கமாக மாறியது. அந்தக் காரணத்தை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமை இல்லை. என்னுடைய பெறுபேற்றைப் பார்த்து முடித்ததும் நான் செய்த முதல் வேலை, என் சுட்டெண்ணோடு ஒன்றைக் கூட்டி, பரீட்சை மண்டபத்தில் எனக்குப் பின்னால் இருந்த தோழியின் பெறுபேற்றைப் பார்த்ததுதான். கணிதத்தில் அவளுக்கு டபிள்யூ. "யா அல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "என்ன மகள்?" என்று உம்மா கேட்டார். சொன்னேன். உம்மா மாமியிடம் சொன்னார். மாமியின் வீடும் தோழியின் வீடும் ஒரே ஒழுங்கையில் இருக்கின்றன.

தோழியின் வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவர் எடுக்கும்போது ஆறுதலாகச் சொல்வோம் என்று அவளும் உம்மாவும் பேசி வைத்திருந்தார்களாம். வியாழக்கிழமையே, அவருடன் ஒரே அறையில் தங்கியிருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அவரிடம் விசாரித்துவிட்டார். அன்றிரவு வாப்பா எடுத்த அழைப்பில் அவள் தலைகுனிந்து நின்றது பெறுபேற்றுக்காக மட்டுமல்ல, மறைத்துவிட்டாள் என்ற பெயருக்காகவும்தான். கணிதத்தை மறுமுறை எழுதிச் சித்தியடையலாம். நம் ஊரில் எத்தனையோ பேர் அப்படிச் சித்தியடைந்து பட்டதாரிகளாகவும் இருக்கிறார்கள். ஆனால் அவள் இரண்டு மாதம் கல்யாண வீட்டுக்குப் போகவில்லை, கடைக்குப் போகவில்லை, என்னோடும் பேசவில்லை.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "என்ட பேரப் போடாத, மத்ததெல்லாம் எழுது" என்றாள். நான் அவளிடம் அனுமதி கேட்ட முதல் தடவை அதுதான். பெறுபேற்றைப் பார்த்த அன்று கேட்டிருக்க வேண்டும்.

இது எங்கள் இருவரின் கதை மட்டுமல்ல என்பதால்தான் எழுதுகிறேன். பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு தடவையும் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இது நடக்கிறது. நடப்பதற்கு வழியும் இலகுவானது. சுட்டெண்ணையோ தேசிய அடையாள அட்டை இலக்கத்தையோ இட்டால் பெறுபேறு வந்துவிடும். மாணவிக்கு மட்டுமே தெரிந்த கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. கேட்பவர் மாணவியா, பெற்றோரா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதை அறிய இணையத்தளத்துக்கு வழியில்லை. ஒரு பாடசாலையிலிருந்து தோற்றுவோரின் சுட்டெண்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒருவருடையது தெரிந்தால் எல்லோருடையதும் தெரிந்த மாதிரிதான்.

அடையாள அட்டை இலக்கத்தையும் நாம் சும்மா ஓர் எண் என்றுதான் நினைக்கிறோம். பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி முதலாம் திகதி ஆண்டின் 32ஆம் நாள். அன்று பிறந்த பெண்ணின் அட்டையில் அந்த இடத்தில் 532 இருக்கும். ஆகவே மாணவிகளின் அடையாள அட்டை இலக்கங்களோடு ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டினால், அவர்களுடைய பிறந்த திகதியையும் சேர்த்தே ஒட்டியதாகிவிடும்.

உயர்தரத்தில் வெளியாவது இன்னும் அதிகம். பாடங்களின் தரங்களோடு இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை எல்லாம் ஒரே திரையில் வருகின்றன. ஒரு பிள்ளை எந்தப் பீடத்துக்குப் போவாள், போகமாட்டாள் என்று அவளுக்கு முன்னரே ஊர் கணக்குப் பார்த்து முடித்துவிடும்.

பல்கலைக்கழகம் போனால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். நம் கரையோரத்துப் பெண் பிள்ளைகளில் பலருக்குப் பல்கலைக்கழகம் என்றதும் மனதில் வருவது ஒலுவில்தான். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால்தான் எத்தனையோ வாப்பாமார் தங்கள் மகள்மாரைப் பட்டப்படிப்புக்கு அனுப்பச் சம்மதித்தார்கள். நான் எங்கு போகக் கிடைத்தாலும், என்னைப் பற்றி ஒரு கோப்பு அங்கு திறக்கப்படும். அதில் புள்ளிகள் மட்டும் இருக்காது. மருத்துவப் பரிசோதனை அறிக்கை இருக்கும். குடும்ப வருமானம் இருக்கும். விடுதி விண்ணப்பம், வரவு, ஒழுக்காற்று விசாரணை ஏதும் நடந்தால் அதன் விபரம், எல்லாம் இருக்கும்.

வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. அதற்கு விண்ணப்பிப்பவர் வீட்டின் வருமானத்தைச் சொல்லியாக வேண்டும். அதில் தவறில்லை, வசதி குறைந்தவரைத் தெரிந்தால்தான் உதவ முடியும். ஆனால் அந்த வருமான விபரம் உதவி வழங்குவதற்காகக் கொடுக்கப்பட்டது. அது அலுவலக மேசையில் திறந்து கிடந்து, வந்துபோகும் சக மாணவர் படித்துவிட்டுப் போனால், "உன்ட வாப்பாக்கு இவ்வளவுதானா?" என்ற கேள்வி சிற்றுண்டிச்சாலையில் வரும். தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்த என் ராத்தா ஒருவர் சொன்னார்: அவருடைய பீடத்தில் பெறுபேறுகளைப் பதிவிலக்கத்தோடு அறிவித்தல் பலகையில் ஒட்டுவார்களாம். பெயர் இல்லைதான். ஆனால் முதலாம் வருடத்திலேயே எல்லோருடைய பதிவிலக்கமும் எல்லோருக்கும் பாடம். "பேர எழுதி ஒட்டினா என்ன, நம்பர எழுதி ஒட்டினா என்ன?" என்று கேட்டார்.

இனி நம் வீதிகளுக்கு வருவோம். பெறுபேறு வந்த மறுவாரம் பிரதான வீதியில் பதாகைகள் கட்டப்படும். தனியார் வகுப்புகளின் பதாகைகள்தான் அதிகம். முஸ்லிம் பெண் பிள்ளைகளின் படத்தைப் போடாமல், அந்த இடத்தில் ஒரு ரோஜாப் பூவைப் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அது மரியாதைக்காகச் செய்யப்படுவது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ரோஜாவுக்குக் கீழே அவளுடைய முழுப்பெயர், வாப்பாவின் பெயர், பாடசாலை, பாடங்களின் தரங்கள் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. முகத்தை மறைத்துவிட்டு மற்ற அனைத்தையும் திறந்து வைத்திருக்கிறோம். போட்டுக்கொள்ளட்டுமா என்று அவளிடம் யாரும் கேட்டிருப்பார்களா?

பெண் பிள்ளைகளுக்கு இது ஏன் அதிகம் வலிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளை சித்தியடையாவிட்டால் "அடுத்த முறை எழுதுவான்" என்பார்கள். பெண் பிள்ளை என்றால் "இனிப் படிச்சது போதும்" என்ற பேச்சு வந்துவிடும். கல்யாணப் பேச்சிலும் அந்தத் தரங்கள் குறுக்கே வரும். நன்றாகச் சித்தியடைந்தவளும் தப்புவதில்லை. "இவ்வளவு படிச்ச புள்ளைக்கு மாப்பிள்ளை எங்க தேடுற?" என்பார்கள். கூடினாலும் பேச்சு, குறைந்தாலும் பேச்சு. பதினாறு வயதில் எழுதிய ஒரு பரீட்சை அவள் அனுமதியில்லாமல் அவளுக்கு முன்னால் எல்லா வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நம் மார்க்கம் இதில் மிகத் தெளிவாகவே இருக்கிறது. ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதைக் குர்ஆன் தடுக்கிறது. சூறத்துல் ஹுஜுராத் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஒன்றாகவே தடுக்கிறது. புறம் என்றால் பொய் சொல்வது என்று நான் சிறுவயதில் நினைத்திருந்தேன். ஒருவர் இல்லாத இடத்தில் அவர் வெறுப்பதைப் பேசினால், அது உண்மையாக இருந்தாலும் புறம்தான் என்று அஹதிய்யா வகுப்பில் படித்தோம். அன்றிரவு நான் உம்மாவிடம் சொன்னது முழு உண்மை. அதனால் அது சரியாகிவிடவில்லை.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கத்துக்கான உரிமை தனியாக எழுதப்படவில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது நலனுக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைக் கேட்டால் மறுக்கலாம் என்கிறது. பின்னர் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒருவருடைய விபரங்களை எந்த நோக்கத்துக்காகப் பெற்றார்களோ அதற்கே பயன்படுத்த வேண்டும், தேவைக்கு மேல் சேர்க்கக்கூடாது, பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும், தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தவும் உரியவருக்கு உரிமை உண்டு என்பதே அதன் சாரம். சிறுவர் பற்றிய தரவுகளை அது விசேட வகையில் சேர்த்திருக்கிறது. மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் இடம் வைத்திருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, திகதி தள்ளிப்போடப்பட்டது. சட்டம் தாமதிக்கலாம். பாடசாலையும் பல்கலைக்கழகமும் அதுவரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மற்ற நாடுகள் இதை எப்போதோ யோசித்துவிட்டன. அமெரிக்காவில் ஒரு காலத்தில், பிள்ளையைப் பற்றிப் பாடசாலை எழுதி வைத்திருந்த கோப்பைப் பெற்றோர் பார்க்க முடியாமல் இருந்தது. ஆனால் வெளியார் சிலர் பார்க்க முடிந்தது. இந்த அநியாயத்தைத் திருத்த 1974இல் கல்விப் பதிவுகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். மாணவர் தன் பதிவைப் பார்க்கலாம், பிழையைத் திருத்தக் கேட்கலாம், சில விதிவிலக்குகள் தவிர அவருடைய எழுத்துமூல அனுமதியின்றி வெளியாருக்குக் கொடுக்கக்கூடாது. பதினெட்டு வயதானதும், அல்லது பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், அந்த உரிமை பெற்றோரிடமிருந்து மாணவரின் கைக்கு மாறுகிறது. சிங்கப்பூரில் ஆரம்பப் பாடசாலை இறுதிப் பரீட்சையில் முதலிடம் பெற்றவரின் பெயரை அறிவிப்பதை 2012இல் நிறுத்தினார்கள். பரீட்சைக்காக உயிரைக் கொடுக்கும் சீனாவில்கூட, 2021 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு மாணவரின் புள்ளியையும் நிலையையும் பாடசாலை பகிரங்கப்படுத்தக்கூடாது. மாணவரும் பெற்றோரும் மட்டும் அறிய வசதி செய்ய வேண்டும்.

பதினெட்டு வயதில் உரிமை கைமாறுகிறது என்று வாசித்தவுடன் பெற்றோர் சிலருக்கு மனம் துணுக்குறும். "நாங்க கஷ்டப்பட்டுப் படிக்கவைக்கிற பிள்ளைட மார்க்ஸ எங்களுக்கே காட்டாம விடுறதா?" என்று உம்மாவும் கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. என் பெறுபேறு எப்படியிருந்தாலும் முதலில் சொல்ல விரும்புவது உம்மாவிடமும் வாப்பாவிடமும்தான். அந்த முதல் சொல்லைச் சொல்லும் வாய்ப்பைத்தான் கேட்கிறேன். பிள்ளை தானே வந்து சொல்லும் வீட்டில் அவளுக்கு நம்பிக்கை வளர்கிறது. அடுத்த வீட்டார் மூலம் அறியும் வீட்டில் அந்த வாய்ப்பு பெற்றோருக்கும் சேர்த்தே பறிபோகிறது. என் தோழியின் வாப்பா இழந்ததும் அதைத்தான்.

இன்னொரு கேள்வி நியாயமானது. எங்கள் பொருளியல் ஆசிரியை கேட்டார்: "எல்லாவற்றையும் மூடி வைத்தால் மோசடி நடக்காதா? பல்கலைக்கழக அனுமதி நேர்மையாக நடக்கிறது என்று ஊர் எப்படி நம்பும்?" நான் பல நாள் யோசித்தேன். பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உரிய வெட்டுப்புள்ளியை வெளியிடுகிறது. அம்பாறை மாவட்டத்தில் மருத்துவத்துக்கு எவ்வளவு, சட்டத்துக்கு எவ்வளவு என்று யாரும் பார்க்கலாம். தனக்கு அநியாயம் நடந்ததா என்று தன் புள்ளியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் ஒரு பிள்ளையின் பெயரும் இல்லை. முறை வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்த வேண்டியதில்லை.

"சந்தோஷத்தைப் பகிரக்கூடாதா?" என்றும் கேட்பார்கள். தாராளமாகப் பகிரலாம். ஒன்பது ஏ எடுத்தவள் விரும்பினால் அவளுடைய பெயர் கல்முனை முழுவதும் தெரியட்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் அது ஊக்கம்தான். கேட்டுவிட்டுப் போடுங்கள் என்பதே வேண்டுகோள். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஐம்பது பேர் படித்த வகுப்பில் நாற்பது பேரின் பெயரைப் பதாகையில் போட்டால், மிச்சம் பத்துப் பேரின் பெயரையும் ஊர் வாசித்துவிடும்.

ஆகவே நான் கேட்பவை பெரிய விடயங்கள் அல்ல. பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்கச் சுட்டெண்ணோடு, மாணவியிடம் மட்டும் இருக்கும் ஓர் இரகசிய எண்ணும் தேவை என்று ஆக்கலாம். அனுமதி அட்டையை மூடிய உறையில் கொடுத்து அதிலேயே அந்த எண்ணை அச்சிடலாம். பல்கலைக்கழகங்கள் பெறுபேறுகளைப் பலகையில் ஒட்டாமல் ஒவ்வொருவரும் தன் கணக்கினுள் சென்று பார்க்கும்படி செய்யலாம். வருமானம், மருத்துவம், ஒழுக்காற்று ஆகிய கோப்புகளைத் திறக்கக்கூடியவர் யார் என்று எழுதி வைக்கலாம். பாடசாலைகளும் தனியார் வகுப்புகளும் பெயரையோ படத்தையோ வெளியிடுமுன் மாணவியிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கலாம். பெயருக்குத் தந்த சம்மதம் படத்துக்கும் தந்த சம்மதம் ஆகாது.

இவையெல்லாம் பெரியவர்கள் கையில் இருப்பவை. எங்கள் கையில் இருப்பது ஒன்றுண்டு. உயர்தரத்துக்கு எங்களுக்கும் சுட்டெண்கள் வரும், மீண்டும் அடுத்தடுத்து. இப்போதே எங்கள் வகுப்பில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். யாருடைய எண்ணையும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. யாராவது பட்டியல் அனுப்பினால் மற்றவருக்கு அனுப்புவதில்லை. யாருக்காவது துணை வேண்டுமென்றால், அவளே கூப்பிட்டால், பக்கத்தில் இருந்து பார்ப்போம். இந்த யோசனைக்கு முதலில் கை உயர்த்தியவள், கணிதத்தை மறுமுறை எழுதிச் சித்தியடைந்து இப்போது கலைப்பிரிவில் எங்களோடு படிக்கும் என் தோழிதான்.

இதை வாசிக்கும் உம்மாமாரிடமும் வாப்பாமாரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பெறுபேறு வரும் இரவில், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேறு உங்கள் போனுக்கு வந்தால், அதைத் திறக்காமல் விடுங்கள். அவளை வழியில் கண்டால் "எத்தன ஏ?" என்று கேட்காதீர்கள். "சுகமா மகள்?" என்று கேளுங்கள். சொல்ல விரும்பினால் அவளே சொல்வாள்.